அரசின் வழக்கை வாதாடும் தனியார் வழக்கறிஞர்: போபாலிலிருந்து மினசோட்டா வரை ஒருவரின் தொழில் வாழ்க்கை (விவாத இழை)

1. தாமிரபரணி எழுதியது:

அரசு வழக்கறிஞர் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பத்திவாரிக் குறிப்புரை (எதிராளியின் மனுவுக்குப் பத்தி பத்தியாக அரசு எழுதும் பதில்) வந்து சேராததால் வாய்தா கேட்டு நிற்பவர்தான். நானும் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் ஐந்தாண்டுகள் அப்படி நின்றவன். நில எடுப்பு வழக்கானாலும் பட்டா வழக்கானாலும் அரசு பெரும்பாலும் பிரதிவாதியாகவே இருக்கும். வந்த அடியைத் தடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை எனக்கு இருந்ததில்லை. அரசே வாதியாகி, தன் மக்களுக்கு நேர்ந்த கேட்டுக்காக ஒரு பெருநிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கும்போது அதன் வழக்கறிஞருக்கு என்ன வேலை, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை ஓய்வுக்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன்.

படித்ததில் என்னை அதிகம் பிடித்துவைத்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகர வழக்கறிஞர் மைக்கேல் சிரீசியின் தொழில் வாழ்க்கை. 1971-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து, ராபின்ஸ் என்ற பெயரில் தொடங்கும் வழக்கறிஞர் நிறுவனத்தில் சேர்ந்தவர். டால்கன் ஷீல்டு என்ற கருத்தடைச் சாதனத்தால் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக அந்த நிறுவனம் வழக்காடியது. அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் ஏ.எச். ராபின்ஸ் என்பதால் முதல் வாசிப்பில் யார் வாதி, யார் பிரதிவாதி என்று நான் சற்றுத் தடுமாறினேன். 1985 ஆகஸ்டில் அந்தத் தயாரிப்பு நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்கும் நிலைக்கு வந்தது.

அதே 1985-இல் இந்திய அரசு சிரீசியின் வழக்கறிஞர் நிறுவனத்திடம்தான் வக்காலத்து கொடுத்தது. போபால் நச்சுவாயு வழக்கில் நியூயார்க் நீதிமன்றத்தில் இந்திய ஒன்றியத்துக்காக நின்ற வழக்கறிஞர்களின் முன்வரிசையில் சிரீசி இருந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1994 ஆகஸ்ட் 17 அன்று, மினசோட்டா மாநில அரசும் புளூ கிராஸ் என்னும் மருத்துவக் காப்பீட்டு அமைப்பும் சிகரெட் நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கை நடத்தியவரும் அவரே. முதல் வழக்கு அமெரிக்காவில் விசாரணைக் கட்டத்தையே எட்டவில்லை. இரண்டாவது வழக்கு ஜூரியின் முன் பதினைந்து வாரங்கள் நடந்து, ஜூரியர் தீர்ப்பை ஆலோசிக்கச் செல்லும் வேளையில், 1998 மே 8 அன்று மாநிலத்துக்கு 610 கோடி டாலர் என்ற சமரசத்தில் முடிந்தது.

ஒரே வழக்கறிஞர், இரண்டு அரசுகள், முற்றிலும் வேறுபட்ட இரண்டு முடிவுகள். இந்த வேறுபாட்டுக்கு நாவன்மை காரணமாக இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம். ஆவணங்கள் யார் கையில் இருந்தன என்பதுதான் காரணம் என்று கருதுகிறேன். உறுப்பினர்கள் கருத்தறிய விரும்புகிறேன்.

2. மாலதி சுந்தரம் எழுதியது:

ஐயா, நான் வழக்கறிஞர் அல்ல. வங்கியில் முப்பதாண்டுகள் கணக்குப் பார்த்தவள். எனவே என் கேள்விகளும் கணக்கர் கேட்பவைதான்.

போபாலில் பாதிக்கப்பட்டவர்கள் அந்த வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985 மார்ச்சில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அவர்கள் அனைவருக்குமாக வழக்கு நடத்தும் உரிமையை ஒன்றிய அரசுக்கு மட்டுமே உரியதாக்கியது. பிள்ளைக்காகப் பெற்றோர் வழக்காடுவது போல மக்களுக்காக அரசு வழக்காடுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நச்சுவாயு கசிந்த ஆலையை நடத்திய, யூனியன் கார்பைடு என்ற அமெரிக்க நிறுவனத்தின் இந்திய நிறுவனத்தில் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்த நிதி நிறுவனங்களுக்கும் ஏறத்தாழ 22 விழுக்காடு பங்கு இருந்ததே, அந்தப் பெற்றோர் பிள்ளைக்கு முழுமையாக உண்மையாக இருந்திருப்பாரா? அந்த ஆலைக்கு உரிமம் வழங்கியதும் அதைக் கண்காணித்திருக்க வேண்டியதும் அரசின் அமைப்புகளே. அத்தகைய கட்சிக்காரருக்கு வாதாடும் வழக்கறிஞர், கட்சிக்காரரின் பிழையையும் சேர்த்து வெளிக்கொணர்வாரா, அல்லது அதன்மேல் துணியைப் போர்த்துவாரா?

ஆவணம் யார் கையில் இருந்தது என்று நீங்கள் கேட்கிறீர்கள். கட்சிக்காரர் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறேன் நான்.

3. இளவேனில் எழுதியது:

வணக்கம் ஐயா, அம்மா. சட்டக் கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கிறேன். எனக்கு அடிப்படையான ஐயம் ஒன்று இருக்கிறது. புகைப்பவர் தெரிந்தேதான் புகைக்கிறார் என்ற வாதத்தை வைத்துச் சிகரெட் நிறுவனங்கள் பல்லாண்டுகள் வென்றுவந்தன என்று பாடத்தில் படித்தோம். மாநில அரசு வழக்குத் தொடுத்தபோது அந்த வாதம் ஏன் செல்லவில்லை?

4. தாமிரபரணி எழுதியது:

இளவேனிலின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மாலதி அம்மாவின் கேள்விக்குப் போகும் பாதையும் அதன் வழியாகத்தான் செல்கிறது.

தனிமனிதர் வழக்குகள் தோற்ற விதத்துக்கு 1988-இல் நியூ ஜெர்சியில் நடந்த சிப்பலோன் வழக்கே போதும். புகைப்பிடித்து இறந்த பெண்ணின் கணவருக்கு ஜூரி 4 லட்சம் டாலர் வழங்கியது. மேல்முறையீட்டில் அந்தத் தொகை நிலைக்கவில்லை. பல ஆண்டுகள் வழக்காடிய பின் அந்தக் குடும்பம் வழக்கையே கைவிட நேர்ந்தது. நிறுவனங்கள் ஒவ்வொரு வழக்கிலும் எதிராளியின் பணமும் பொறுமையும் தீரும் வரை இழுத்தடித்தன. பிறகு ஜூரியின் முன், இறந்தவரின் வாழ்க்கை முழுவதையும் கிளறி, அவர் தானே தேடிக்கொண்ட வினை இது என்று காட்டின.

1994 மே மாதம் மிசிசிப்பி மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் மைக் மூர் தொடுத்த வழக்கு இந்த ஆட்டத்தை மாற்றியது. ஏழை நோயாளிகளின் மருத்துவத்துக்கு மாநிலக் கருவூலம் செலவிட்ட பணத்தை அவர் திருப்பிக் கேட்டார். கருவூலம் புகைபிடிப்பதில்லை, எனவே அதன் பழக்கத்தைக் குறுக்கு விசாரணையில் கிளற வழியில்லை. மினசோட்டா இன்னும் ஓரடி முன்னே சென்றது. அம்மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் மூன்றாம் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும் சிரீசியின் குழுவும் நுகர்வோர் மோசடித் தடுப்புச் சட்டத்தையும், போட்டியை ஒடுக்கும் கூட்டுச்சதிக்கு எதிரான சட்டத்தையும் முன்னிறுத்தினர். 1953 டிசம்பரில் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் நிறுவனத் தலைவர்கள் கூடினர். 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில், மக்களின் உடல்நலமே எங்கள் முதற்கடமை என்ற பொருளில் முழுப்பக்க அறிவிப்பு வெளியிட்டனர். அந்த வாக்குறுதியை அவர்களே அறிந்து மீறினார்கள் என்பது வழக்கின் முதுகெலும்பு. அப்போது விசாரணைக்கு உள்ளாவது புகைத்தவரின் நடத்தை அன்று, விற்றவரின் நடத்தை. புளூ கிராஸ் இந்த வழக்கில் வாதியாக இருக்கலாமா என்ற தடையையும் 1996-இல் மினசோட்டா உச்ச நீதிமன்றம் நீக்கியது.

இந்த இடத்தில்தான் ஆவணங்களின் பங்கு வருகிறது. அறிந்து மீறினார்கள் என்று மெய்ப்பிக்க, அவர்கள் அறிந்திருந்தார்கள் என்று அவர்களுடைய காகிதமே சொல்ல வேண்டும். நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 11 இருக்கிறது. எதிராளியிடமுள்ள ஆவணங்களை வெளிப்படுத்தக் கோரலாம். என் இருபத்தேழு ஆண்டுத் தொழிலில் அதை முழுமையாகப் பயன்படுத்திய வழக்கை விரல்விட்டு எண்ணிவிடலாம். அமெரிக்காவில் வழக்கின் பெரும்பகுதி அதில்தான் கழிகிறது. மினசோட்டா வழக்கில் நிறுவனங்கள் ஒப்படைத்தவை 3 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள். அவற்றை வைக்க மினியாபொலிஸில் ஒரு காப்பகமும், பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் ஆவணங்களுக்காக இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இன்னொன்றும் தேவைப்பட்டன.

காகிதத்தைக் கொட்டிக் குவிப்பதும் ஒரு தற்காப்பு உத்திதான். வைக்கோற்போரைக் கொடுத்துவிட்டு ஊசியைத் தேடிக்கொள் என்று சொல்வதுபோல் அது. சிரீசியின் குழுவில் ஆவணப் பணியை முன்னின்று நடத்திய ராபர்ட்டா வால்பர்னும் மற்றவர்களும் அதற்கு ஒரு மாற்று கண்டனர். இத்தனை ஆண்டுகள் வழக்காடிய நிறுவனங்கள் தங்கள் ஆவணங்களுக்குத் தாங்களே கணினி அட்டவணை தயாரித்து வைத்திருக்க வேண்டும் என்று உணர்ந்து, அந்த அட்டவணையையே கேட்டனர். எதிர்ப்புகளை மீறி அதை ஒப்படைக்குமாறு நீதிபதி கென்னத் ஃபிட்ஸ்பாட்ரிக் ஆணையிட்டார். எதிராளியின் கிடங்குக்கு எதிராளியின் சாவியே கிடைத்தது என்று சொல்லலாம்.

அடுத்த சுவர் வழக்கறிஞர்–கட்சிக்காரர் இரகசியம். ஆய்வு அறிக்கைகளை வழக்கறிஞர்கள் வழியே அனுப்பி, அவற்றைச் சட்ட ஆலோசனை என்று முத்திரையிட்டு மறைத்தார்கள் என்பது அரசின் வாதம். குற்றத்துக்கோ மோசடிக்கோ துணையாகப் பயன்பட்ட ஆலோசனைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்ற விதிவிலக்கின் கீழ், ஏறத்தாழ 39,000 ஆவணங்கள் திறக்கப்பட்டன. விசாரணை நடந்துகொண்டிருந்த 1998 ஏப்ரலில் நிறுவனங்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று தடுக்கப் பார்த்தன, பலன் இல்லை. தொழிலில் இருக்கும் நமக்கு இது சற்றே நடுக்கம் தரும் செய்தி. என் கட்சிக்காரரின் வழக்குக் கட்டுக்குள் நான் எழுதிவைத்த குறிப்பு ஒருநாள் எதிராளியின் சான்றாவணமாகலாம்.

விசாரணையில் அரசுத் தரப்பின் முதல் சாட்சி மேயோ மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் ஹர்ட். பிலிப் மோரிஸ் தலைவர் ஜெஃப்ரி பைபிளும் கூண்டில் ஏறினார். கூண்டில் நின்றவர்களைக் காட்டிலும் அவர்களிடம் நீட்டப்பட்ட காகிதங்களே அதிகம் பேசின என்பது என் வாசிப்பு.

5. சான் ஹோசே சேகர் எழுதியது:

மாலதி அம்மா கேட்ட "கட்சிக்காரர் யார்" என்ற கேள்வியைக் கலிஃபோர்னியா நீதிமன்றங்கள் நேராகவே எதிர்கொண்டிருக்கின்றன. நான் வசிக்கும் சான்டா கிளாரா மாவட்டமே அந்த வழக்கின் தலைமை வாதி என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் 1985-ஆம் ஆண்டின் கிளான்சி வழக்கு. கொரோனா என்னும் சிறு நகராட்சி, வயது வந்தோருக்கான புத்தகக் கடை ஒன்றைப் பொதுத் தொல்லை (ஊராரின் பொது நலனுக்குக் கேடு செய்வது) என்று மூடவைக்க வெளி வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தியது. வழக்கில் வென்றால் மணிக்கு 60 டாலர், தோற்றால் 30 டாலர். பொதுத் தொல்லை வழக்கை நடத்துபவர் அரசின் நடுநிலையைச் சுமந்து நிற்பவர். வெற்றியில் அவருக்குத் தனிப்பட்ட பணலாபம் இருக்கக்கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் அவரை விலக்கியது.

2000-ஆம் ஆண்டில் சான்டா கிளாரா மாவட்டம், வீட்டுச் சுவர்களில் பூசப்பட்ட ஈய வண்ணத்தால் குழந்தைகளுக்கு நேரும் நச்சுப் பாதிப்புக்காக வண்ண நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லாந்து, லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் உட்பட மொத்தம் பத்து உள்ளாட்சி அமைப்புகள் சேர்ந்தன. வெளி வழக்கறிஞர்கள் வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தில் இருந்தனர். கிளான்சி தீர்ப்பைக் காட்டி நிறுவனங்கள் அவர்களை விலக்கக் கோரின. விசாரணை நீதிமன்றம் 2007-இல் ஒப்புக்கொண்டது. 2010 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் தன் பழைய நிலையைத் தளர்த்தியது. வழக்கின் முழுக் கட்டுப்பாடும் அரசின் ஊதிய வழக்கறிஞர்களிடம் இருக்க வேண்டும். சமரசம் பற்றிய முடிவு அவர்களுக்கு மட்டுமே உரியது. எதிர்த்தரப்பு வெளி வழக்கறிஞரைக் கேட்காமலே அரசு வழக்கறிஞரிடம் நேராகப் பேசலாம். இவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள்.

விசாரணை 2013 ஜூலையில் ஜூரி இல்லாமல் நீதிபதி ஜேம்ஸ் கிளைன்பெர்க் முன் நடந்தது. வண்ணத்தில் கலக்கப்படும் ஈய வெள்ளை மெல்ல உடலில் சேர்ந்து கொல்லும் நஞ்சு என்று ஷெர்வின்-வில்லியம்ஸ் நிறுவனத்தின் சொந்த இதழே 1900-இல் எழுதியிருந்தது. டச்சுப் பையன் படம் போட்ட ஈய வண்ணத்துக்காக இன்னொரு நிறுவனம் 1920-களில் குழந்தைகளுக்கு வண்ணந்தீட்டும் புத்தகமே அச்சிட்டுக் கொடுத்திருந்தது. தாமிரபரணி ஐயா சொன்ன "அவர்களுடைய காகிதமே சொல்ல வேண்டும்" என்பது இங்கும் அப்படியே பொருந்துகிறது. ஐந்து நிறுவனங்களில் இரண்டு விடுவிக்கப்பட்டன. எஞ்சிய மூன்றும் 115 கோடி டாலர் நிதியம் ஏற்படுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1951-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. மறுகணக்கில் அது 40.9 கோடி ஆயிற்று, 2019-இல் 30.5 கோடிக்குச் சமரசம். பத்தொன்பது ஆண்டுகள்! வழக்குத் தொடுத்த காலத்தில் சுவர் வண்ணத்தைச் சுரண்டித் தின்ற குழந்தை, பணம் வந்தபோது கல்லூரி முடிக்கும் வயதில் இருந்திருக்கும்.

வெற்றிகளை மட்டும் எண்ணினால் சித்திரம் பிழையாகிவிடும். இதே வகை வழக்கில் ரோட் ஐலண்ட் மாநிலம் 2006-இல் ஜூரியிடம் வென்று, 2008-இல் அதன் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஓக்லஹோமா மாநிலம் வலிநிவாரணி அபின் மருந்துகளுக்காக ஜான்சன் அண்ட் ஜான்சன் மீது 2019-இல் பெற்ற 46.5 கோடி டாலர் தீர்ப்பையும் அம்மாநில உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் தள்ளியது. பொதுத் தொல்லை என்ற பழைய சட்டச் சட்டியில் எதையெல்லாம் சமைக்கலாம் என்பதில் அமெரிக்க நீதிபதிகளிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

6. கீழவீதி எழுதியது:

நண்பர் தாமிரபரணி அவர்களுக்கு வணக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்து இப்போது ஓய்ந்திருப்பவன் நான். போபால் வழக்கின் நியூயார்க் கட்டத்தை இந்த இழையில் யாரும் இன்னும் விரிவாகத் தொடவில்லை; உங்கள் கருத்துக்கு வலுவான சான்று அங்கேதான் கிடைக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

இந்திய அரசு 1985 ஏப்ரல் 8 அன்று நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தபோது அதன் வழக்கறிஞர்கள் செய்ய வேண்டியிருந்த வாதம் விந்தையானது. இந்திய நீதிமன்றங்களில் இத்தகைய வழக்கை நடத்த இயலாது. தாமதமும் நடைமுறைக் குறைகளும் மிகுதி. ஆகவே அமெரிக்க நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்று இந்திய அரசே தன் நீதித்துறையைப் பற்றி வெளிநாட்டு நீதிபதியிடம் சொன்னது. அதற்கு ஆதரவாக அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் மார்க் கேலன்டர் உறுதியாவணம் (பிரமாணப் பத்திரம்) அளித்தார். இந்திய நீதிமன்றங்கள் முற்றிலும் திறமை வாய்ந்தவை என்று யூனியன் கார்பைடு தரப்பில் உறுதியாவணம் அளித்தவர் நம் நாட்டின் புகழ்பெற்ற வழக்கறிஞர் நானி பல்கிவாலா. இந்திய நீதித்துறையை அமெரிக்க நிறுவனம் புகழ, இந்திய அரசு இகழ்ந்த காட்சி அது.

நீதிபதி ஜான் கீனன் 1986 மே 12 அன்று வழக்கை இந்தியாவுக்கே அனுப்பினார். ஆனால் மூன்று நிபந்தனைகள் விதித்தார்: யூனியன் கார்பைடு இந்திய நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட வேண்டும், அங்கு வரும் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டும், அமெரிக்க விதிகளின்படியே ஆவணங்களை வெளிப்படுத்த வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் நண்பர் சொல்லும் சாவி. 1987 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒருதரப்புக்கு மட்டும் அத்தகைய கடமையை விதிப்பது நியாயமன்று, இருதரப்பும் இசைந்தால் மட்டுமே கூடும் என்று அதை நீக்கிவிட்டது. வழக்கு போபால் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தபோது நம் கையில் இருந்தது கட்டளை 11 மட்டுமே.

அதன்பின் நடந்தது பலரும் அறிந்தது. மாவட்ட நீதிபதி எம்.டபிள்யூ. தேவ் 1987 டிசம்பர் 17 அன்று 350 கோடி ரூபாய் இடைக்கால இழப்பீடு விதித்தார். உயர் நீதிமன்றம் அதை 250 கோடியாகக் குறைத்தது. அந்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரித்துக்கொண்டிருந்தபோதே 1989 பிப்ரவரி 14 அன்று மொத்த வழக்கும் 47 கோடி டாலருக்கு முடிக்கப்பட்டது. அரசு கோரியிருந்தது 330 கோடி டாலர். ஒரு சாட்சிகூட முழு விசாரணையில் கூண்டேறவில்லை. அன்று அரசின் தலைமை வழக்கறிஞராக நின்றவர் நம் கே. பராசரன், எதிர்த்தரப்பில் ஃபாலி நாரிமன். இருவருமே நம் தலைமுறையினர் அண்ணாந்து பார்த்த வழக்கறிஞர்கள். அவர்கள் திறமையில் எவரும் குறை காண முடியாது. ஆனால் ஆவணம் திறக்கப்படாத வழக்கில் எவ்வளவு பெரிய வழக்கறிஞரும் தொகையைப் பற்றித்தான் பேச முடியும், உண்மையைப் பற்றிப் பேச முடியாது.

மாலதி அம்மையாரின் கேள்விக்கும் பதில் அங்கேயே உள்ளது. சமரசத்துக்கு முன் பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றமே 1989 டிசம்பர் 22 அன்று, சரண் லால் சாகு வழக்கில் ஒப்புக்கொண்டது. ஆனால் சட்டத்தையும் சமரசத்தையும் தள்ளவில்லை. 1991 அக்டோபரில் மறுஆய்விலும் தொகை மாறவில்லை. சமரசத்தோடு கைவிடப்பட்டிருந்த குற்ற வழக்குகள் மட்டும் உயிர்பெற்றன. கூடுதல் தொகை கோரி அரசு 2010-இல் தாக்கல் செய்த சீராய்வு மனுவும் 2023 மார்ச் 14 அன்று தள்ளுபடியானது.

7. மாலதி சுந்தரம் எழுதியது:

கீழவீதி ஐயாவுக்கு நன்றி. என் சந்தேகம் குறையவில்லை. இடம் மட்டும் மாறியிருக்கிறது. சேகர் தம்பி சொன்ன கலிஃபோர்னிய நிபந்தனைகள் எல்லாம் வெளி வழக்கறிஞரை அரசு கட்டுப்படுத்துவதற்கானவை. அரசையே கட்டுப்படுத்த அவற்றில் எதுவும் இல்லை. போபாலில் சமரசத்தை முடிவு செய்தது அரசுதான்; அந்த விதிகளின்படி பார்த்தால் அது மிகச் சரியாக நடந்த வழக்கு!

கட்டணத்தைப் பற்றியும் யாரேனும் எழுத வேண்டும். மினசோட்டா வழக்கில் சிரீசியின் நிறுவனம் 40 கோடி டாலருக்கும் மேல் கட்டணம் பெற்றது என்று படித்தேன். போபாலில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பகிர்ந்துகொண்ட மூலத்தொகை 47 கோடி டாலர். இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது என் கைப்பழக்கம் கூட்டலைச் சரிபார்க்கச் சொன்னது.

அந்தப் பணம் எங்கே சென்றது என்பதும் கணக்கில் சேர வேண்டும். மினசோட்டா, சமரசப் பணத்தில் ஏறத்தாழ 100 கோடி டாலரைப் புகையிலைத் தடுப்புக்கும் மருத்துவக் கல்விக்கும் என்று நிலைவைப்பாக (முதலைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிடும் நிதியாக) வைத்தது. 2003-இல் வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறை வந்ததும் அதே அரசு அதை எடுத்துச் செலவிட்டது. வழக்கை வென்ற பெற்றோர் பிள்ளையின் உண்டியலை உடைத்த கதை இது.

8. தாமிரபரணி எழுதியது:

அம்மா, கட்டணத் தொகை கண்ணை உறுத்துவது உண்மை. இரண்டு செய்திகளை மட்டும் அதனுடன் சேர்த்துப் பாருங்கள். முதலாவது, ஒப்பந்தப்படி 25 விழுக்காடு கேட்டிருக்கலாம். பெற்றது அதைவிட மிகக் குறைவு, அதையும் மாநிலத்தின் பங்கிலிருந்து எடுக்காமல் சிகரெட் நிறுவனங்கள் தனியே செலுத்தின. இரண்டாவது, 1994-இல் வழக்குத் தொடங்கியபோது அதுவரை நாற்பதாண்டுகளில் எவரும் அந்த நிறுவனங்களிடமிருந்து ஒரு சல்லிக்காசும் பெற்றதில்லை. நான்கு ஆண்டுகள் தன் செலவில் கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்க ஆள் வைத்து, தோற்றால் வெறுங்கையோடு போகத் துணிந்தவருக்குக் கிடைத்தது அது. ஆனாலும் தொகை மிகுதிதான் என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட மாட்டேன். பெருமளவு வெற்றிக்குப் பெருமளவு கட்டணம் என்ற ஏற்பாட்டில், சமரசம் செய்துகொள்ளும் நாளை யாருடைய பணத்தேவை முடிவு செய்கிறது என்ற ஐயம் எப்போதும் இருக்கும்.

நிலைவைப்பு பற்றி நீங்கள் எழுதியதை முற்றிலும் ஏற்கிறேன். அதோடு, புகைப்பதை விடுவதற்கு உதவ நீதிமன்ற ஆணையால் தனி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்ட 20.2 கோடி டாலரைச் சட்டமன்றம் தொட முடியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசைக் கட்டுப்படுத்த விதி எதுவும் இல்லை என்றீர்கள். சமரச ஆணையிலேயே எழுதிவைத்தால் ஓரளவு கட்டுப்படுகிறது என்பதற்கு இது சான்று.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, பணமல்லாத பகுதியை. அந்தச் சமரசத்தில் நிறுவனங்களின் கூட்டு ஆய்வுக் குழு கலைக்கப்பட்டது. ஆவணக் காப்பகங்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் 46 மாநிலங்கள் 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் என்ற பெரும் ஒப்பந்தத்துக்கு வந்ததற்கும், பின்னர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் அந்த ஆவணங்கள் இணைய நூலகமாக ஆனதற்கும் இது வழிசெய்தது. பணம் செலவாகிவிட்டது, காகிதம் இன்றும் இருக்கிறது, சென்னையில் உட்கார்ந்து எவரும் படிக்கலாம்.

சிரீசி போபாலில் கிடைக்காத சாவியை மினசோட்டாவில் தேடினாரா என்று என்னால் மெய்ப்பிக்க முடியாது. அது என் ஊகம் மட்டுமே. டால்கன் ஷீல்டு வழக்குகளிலேயே அந்தப் பாடம் அவருக்குக் கிடைத்திருக்கவும் கூடும்.

9. இளவேனில் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இந்தியாவில் ஒரு மாநில அரசு இத்தகைய வழக்கைத் தொடுக்க விரும்பினால் வெளி வழக்கறிஞரை இதே முறையில் அமர்த்த முடியுமா?

10. கீழவீதி எழுதியது:

முடியாது, தம்பி. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகள் தடுக்கின்றன. ஆக, அரசு தன் சட்ட அலுவலர்களைக் கொண்டு நடத்த வேண்டும், அல்லது மூத்த வழக்கறிஞரை அமர்வுக்கு இவ்வளவு என்று கொடுத்து அழைக்க வேண்டும். அமர்வுக்கு வரும் மூத்தவர் வாதாடுவார். மூன்று கோடிப் பக்கங்களைப் படிக்க மாட்டார். படிக்க வேண்டிய இளநிலை அரசு வழக்கறிஞர்களின் நியமனமோ பல மாநிலங்களில் ஆட்சி மாறினால் மாறுவது. அந்நியமனங்கள் தகுதியின்படி, வெளிப்படையான முறையில் நடக்க வேண்டும் என்று 2016 மார்ச்சில் பிரிஜேஷ்வர் சிங் சாஹல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது என்பதிலிருந்தே நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தத் தடையை நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாலதி அம்மையாரின் அச்சத்தில் பாதி எனக்கும் உண்டு. கட்டணத்தை மாற்றாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2015-இன் வணிக நீதிமன்றச் சட்டம், வணிக வழக்குகளுக்கு மட்டும் கட்டளை 11-ஐத் திருத்தி, தனக்குப் பாதகமானவை உட்படத் தன்னிடமுள்ள ஆவணங்களை ஒவ்வொரு தரப்பும் வழக்குரையோடே வெளிப்படுத்த வேண்டும் என்று விதித்திருக்கிறது. இரண்டு நிறுவனங்கள் சரக்குக்காகச் சண்டையிட்டால் இந்த விதி உண்டு. ஒரு ஊரே நஞ்சுண்டு வழக்காடினால் பழைய கட்டளை 11 தான்.

11. மாலதி சுந்தரம் எழுதியது:

அந்த விதி அரசையும் கட்டுப்படுத்துமா, ஐயா? ஆலைக்கு உரிமம் கொடுத்த கோப்பையும், ஆய்வாளர் எழுதிய குறிப்பையும் அரசே வாதியாக நிற்கும் வழக்கில் அது தன் வழக்குரையோடு சேர்த்து வைக்க வேண்டுமா?

12. கீழவீதி எழுதியது:

"ஒவ்வொரு தரப்பும்" என்பதில் அரசும் அடங்கும், அம்மையாரே. அந்தக் கோப்பை எடுத்து வைக்கச் சொல்லி அரசுக்கு முதலில் எழுத்துமூலம் அறிவுரை தர வேண்டியவர் அதன் வழக்கறிஞர்தான்.